ரசவாதிக்கு வைத்த குங்குமம்

நான் பார்த்த வேலைகளிலேயே உடம்புக்குச் சுகமானது மைசூரில் படங்களுக்குச் சட்டம் போட்ட வேலைதான். அதற்கு முன்னால் செங்கல் சூளையில் இருந்தேன். கோயம்புத்தூரில் இரும்பு உருக்கும் பட்டறையில் இருந்தேன். ஈரோடு பக்கம் வெல்லம் காய்ச்சும் அடுப்புக்குள் கரும்புச் சக்கை தள்ளினேன். எட்டாவதோடு நின்றவனுக்கு நெருப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் இடம் காலியாக இருக்கும். என் வலது முன்னங்கையில் இன்றும் முடி முளைப்பதில்லை. போதும் என்று தோன்றிய ஒரு நாள் பஸ் ஏறி, பாலாறு தாண்டி, கொள்ளேகால் வழியாக மண்டி மொஹல்லாவுக்கு வந்து சேர்ந்தேன்.

சட்டக் கடை வைத்திருந்த அக்காவுக்குச் சொந்த ஊர் கொள்ளேகால். கடைக்கு வருவதில் முக்கால்வாசி சாமி படங்கள். அதனால் அக்காவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கண்ணாடி பொருத்தித் துடைத்து முடித்ததும், குங்குமம் ஒரு பொட்டு வைத்துத்தான் படத்தைக் கையில் கொடுப்பார். கல்யாணப் போட்டோவுக்கும் வைப்பார். ஒருமுறை பல் டாக்டர் கொண்டுவந்த கடைவாய்ப்பல் படத்துக்கும் வைத்தார். டாக்டர் அதை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு தெரு தள்ளித் தேங்காய் மண்டி நடத்தியவரின் மகள் ஒருநாள் ஐந்து படங்களோடு வந்தாள். வங்கி வேலையை விட்டுவிட்டு, விறகு அடுப்பு கட்டி, ரொட்டிக் கடை திறக்கப் போகிறவள். கடைச் சுவரில் மாட்ட, பழைய காலத்து வெளிநாட்டு ஓவியங்களைப் பிரிண்ட் போட்டு வந்திருந்தாள். ஐந்திலும் உலைதான். கொல்லன் உலை, கண்ணாடி ஊதும் உலை, வானமே சிவக்க எரியும் இரும்பு உலை, ஒரு ரொட்டி அடுப்பு, கடைசியாக ஈயத்தைத் தங்கமாக்கப் பார்க்கும் ஒரு ரசவாதி. நெருப்பை விட்டு ஓடி வந்தவனை நெருப்பே தேடிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

"நாளன்னிக்குக் கடை திறப்பு அண்ணா. அப்பா இன்னும் கோவத்துல இருக்கார். நாளைக்குக் காலையில ஒருதடவை வந்து பார்ப்பாராம். பார்த்துட்டுத்தான் திறப்புக்கு வர்றதா இல்லையான்னு முடிவாம். அதுக்குள்ள சுவர்ல ஏத்திடணும்."

அன்று முழுக்க அந்த ஐந்து படங்களோடுதான் பேச்சு.

"ஏன்க்கா, இந்தத் தங்கம் செய்யறவன் உலைக்கு முன்னாடி வெல்வெட் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கான். ஒரு சொட்டு வேர்வை இல்ல பாருங்க."

"வேர்வையையும் வரைஞ்சா எவன் வாங்குவான்? நீ ஆணியை அடி சாமி."

"நானும் உலைக்கு முன்னாடி நின்னவன்தான். என் மூஞ்சி ஒருநாளும் இப்படித் தகதகன்னு ஆனதில்ல."

"உன்ற மூஞ்சியில எந்த வெளிச்சம் பட்டு என்ன ஆகப்போகுது?"

மறுநாள் காலை அவளுடைய ரொட்டிக் கடையில் படங்களைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, அக்கா ஐந்துக்கும் பொட்டு வைத்திருந்தார். அந்தப் பெண் தலையில் கைவைத்தாள். நான்கைத் துடைத்து மாட்டியாயிற்று. பொட்டைக் கவனிக்காமல் முதலிலேயே கல்லாவுக்கு மேலே ஏற்றிவிட்ட ரசவாதி மட்டும் பாக்கி. துணியோடு நான் ஸ்டூலில் ஏறவும் அவள் அப்பா உள்ளே வரவும் சரியாக இருந்தது.

வந்தவர் அண்ணாந்து பார்த்தார். தாடி, எதிரே நெருப்பு, சுற்றிலும் கலயங்கள், நடுவே குங்குமம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார்.

"எந்த ரிஷி கண்ணு? யாகம் பண்றாரே!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயில் ஆணி வைத்திருந்தேன், அது ஒரு சௌகரியம். அவள் ஆமாம் என்று சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும்.

"ரிஷி இல்லப்பா. தங்கம் செய்யப் பார்த்த ஆள்."

"செஞ்சானா?"

"இல்லப்பா."

அவர் கும்பிட்ட கையை இறக்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். ரசவாதிக்குப் பின்னால் அவன் மனைவி சுருக்குப் பையைத் தலைகீழாக உதறிக் காட்டுகிறாள். பிள்ளைகள் காலி அலமாரியில் ஏறித் தேடுகின்றன. அதையெல்லாம் நானே அப்போதுதான் கவனித்தேன். முந்தின நாள் முழுக்க அந்த வெல்வெட் கோட்டு மேலேயே கண்ணாக இருந்துவிட்டேன்.

"வீட்டுல இருந்ததையெல்லாம் அடுப்புல போட்டிருக்கான்," என்றார். "நல்ல வேலையை விட்டுட்டு அடுப்பு கட்டினவளுக்கு மாட்ட வேற படமே கிடைக்கலியா?"

"எனக்கு ரொட்டியாவது வரும்ப்பா," என்று காலையில் சுட்டதில் ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினாள்.

அவர் மென்றார். தேங்காயை ஆட்டிக் காதில் வைத்துப் பார்க்கிற மனிதர், எதற்கும் அவசரப்படுவதில்லை. நான் ஸ்டூலை விட்டு இறங்கவும் முடியாமல் துடைக்கவும் முடியாமல் நின்றேன்.

"அடி கருகியிருக்கு. உள்ள வேகல."

"சூடு நிக்க மாட்டேங்குதுப்பா. குப்புன்னு ஏறுது, உடனே இறங்கிடுது."

அவர் குனிந்து அடுப்புக்குள் பார்த்தார். பிறகு திரும்பிப் படத்தில் ரசவாதியின் காலடியில் கிடந்த கட்டைகளைக் காட்டினார். "இவனும் வெறும் விறகைத்தான் எரிச்சிருக்கான். எப்படி உருப்படுவான்?"

அவள் சிரிக்கவில்லை. திறப்புக்கு வருவீர்களா என்று கேட்கவும் இல்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். நான் துணியைத் தூக்கினேன்.

"அழிக்காதே தம்பி. அவன் பொண்டாட்டி படற பாட்டுக்கு அந்தப் பொட்டாவது இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படத்தின் கோணலை நான் சரிசெய்து முடிப்பதற்குள் வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் கன்னடத்தில் எங்கே இறக்குவது என்று கேட்டார். மண்டிச் சாக்குகள், வாய்வரை கனல் நின்று எரிகிற கொட்டாங்குச்சி. நாளைக்கு அவள் அப்பாவே வந்து அடுப்பைப் பார்க்கிறவரை யாரும் விறகு போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அவள் சாக்கின் மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முடியில்லாத என் முன்னங்கையைப் பார்த்தாள்.

"இதைப் பத்தவைக்க உங்களுக்குத் தெரியும்தானே அண்ணா? இன்னிக்கு ஒருதடவை சுட்டுப் பார்த்துடலாம்."

சட்டைக் கையை இன்னும் மேலே மடித்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து இறங்கினேன்.