கையுறைக்குள் வைக்க ஒரு ஸ்பாஞ்சு

ஹொல்ம்லியாவில் நண்பர் வீட்டுக்கு நடக்கும் வழியில், ஒரு மைதானத்துக் கம்பி வலையருகே நின்றுவிடுகிறேன். இந்த வடகோடி நாட்டுக் கோடையில், இரவுச் சாப்பாட்டு நேரமாகியும் வெயில் மதியம் போல அடிக்கிறது. உள்ளே பேஸ்பால் பயிற்சி. பந்து வீசுகிற பையன் நம்மூர் முகம். இருபது வயதுக்குள் இருக்கும். முழங்கையின் உள்பக்கம் நீளமாக ஒரு தையல் தழும்பு. பந்து வருகிற வேகத்தில் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். எதிரே குந்தியிருக்கும் வெள்ளைக்காரப் பையன் அதைக் கையுறையில் வாங்கி, அலட்சியமாகத் திருப்பி எறிகிறான்.

வலையைப் பிடித்தபடி ஒரு பெண் நிற்கிறார். கழுத்தில் ஆஸ்பத்திரி ஊழியர் அட்டை, கையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு, பாதியாக வெட்டியது. தமிழில் பேச்சுக் கொடுக்கிறேன்.

"ஓம், என்ரை மகன்தான். ஒப்பரேசனுக்குப் பிறகு இண்டைக்குத்தான் முழு வேகத்திலை எறியிறான். அமெரிக்காவிலை ஒரு கொலிஜ், கை சுகமானதும் வந்து எறிஞ்சு காட்டச் சொல்லியிருக்கு."

"நல்லா வீசறாரேம்மா. கண்டிப்பா எடுத்துக்குவாங்க."

அவர் ஸ்பாஞ்சைப் பார்க்கிறார். "முந்தி இவன்ரை பந்தைப் பிடிச்சா அந்தப் பெடியனுக்குக் கை வீங்கிப்போகும். கையுறைக்குள்ளை வைக்க நான்தான் இதை வெட்டிக் குடுக்கிறனான். இண்டைக்கும் கொண்டந்தனான்."

"வாங்கிக்கலையா?"

"தேவையில்லையாம். இப்ப கை நோகேல்லையாம்."

மைதானத்திலிருந்து மகன் திரும்பிப் பார்க்கிறான். "அம்மா, எப்பிடி?"

அவர் முகமெல்லாம் சிரிப்பாகக் கை தட்டுகிறார். உள்ளங்கைகளுக்கு நடுவே ஸ்பாஞ்சு. சத்தமே வரவில்லை.