கல்யாண மண்டபத்தில் மங்கோலியா

மைக் செட் வேலையில் பாட்டு நின்றாலும் நமக்குத்தான் திட்டு, ஓடினாலும் நமக்குத்தான் திட்டு. ஒயர் சுமந்த சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஆரணியில் எங்கள் வீட்டைச் சுற்றித் தறிச் சத்தம். வெளிநாட்டுப் பாட்டென்றால் எனக்கு உயிர்; ஆனால் போனில் எதைப் போட்டாலும் கொசு முனகுவது போலிருக்கும். அதனால்தான் லீவில் செல்வம் அண்ணன் கடையில் சேர்ந்தேன். அங்கே ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ்! பாட்டை நெஞ்சாலேயே கேட்கலாம்.

எர்த் அடிக்குது

கண்ணமங்கலத்தில் ரிசப்ஷன். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறுவதற்கு முன் பாக்ஸ் டெஸ்டிங். மங்கோலியாவில் தொண்டையை மிக்சி மாதிரி ஓட்டிப் பாடுவார்கள், அதைப் போட்டேன். எனக்குக் குதிரைமேல் போகிற மாதிரி இருந்தது. அண்ணனுக்கோ ஆம்ப்ளிஃபயரில் எர்த் அடித்து உறுமுகிற மாதிரி இருந்திருக்கிறது. ஓடி வந்து மைக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். இரைச்சல் நிற்கவில்லை. கடைசியில் மெயினையே பிடுங்கினார். மேடை விளக்கும் சேர்ந்து போனது. படியில் ஒரு கால் வைத்த பெண் இருட்டில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, அது பாட்டுண்ணே" என்று அதே தொண்டையில் பாடியும் காட்டினேன். பெண்ணின் மாமா கத்திக்கொண்டே வர, அண்ணன் என் காதருகில் சொன்னார்: "இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வரட்டும், அன்னிக்கே உங்கப்பன் தறியில போய் குந்திக்க."

கால் பேச்சைக் கேட்கவில்லை

விசேஷமே வேண்டாமென்று அண்ணன் என்னை எங்கள் தெரு முனுசாமி மாமாவின் தறிக்கூடத்துக்கு ஸ்பீக்கர் ரிப்பேருக்கு அனுப்பினார். சரிசெய்து, மாலி நாட்டு மேளம் ஒன்றைப் போட்டேன். மாமாவின் தலை ஆடியது. பிறகு கால் ஆடியது. தறியின் மிதியை இடம், வலம் என்று மாற்றி மாற்றி மிதிக்கிற கால், மேளத்தோடு போய் ஒரே மிதியில் ரெண்டு தரம் விழுந்துவிட்டது. முகூர்த்தப் புடவை; நெசவு தப்பி, நாலு விரல் அகலம் பிரிக்க வேண்டும்.

மாமா போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். கடை போன் இருந்தது என் சட்டைப் பையில்! சுவருக்குப் பின்னால் ஓடி, அண்ணனின் கரகரத்த குரலில், "அந்தப் பயல நான் பாத்துக்கறேன், நீங்க பேஜாராவாதீங்க" என்றேன். திரும்பி வந்தால் மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க ஓனர் தங்கமான மனுசன்டா. ஆனா அவரு பேசச்சொல்ல, பின்னாடி நம்ம கூடத்துத் தறிங்க ஓடிகினு இருக்குதே, எப்பிடி?"

தேவிகாபுரத்தில் ஒரு சாவு

மாமா காட்டிக்கொடுக்கவில்லை; அடுத்தது பெரியவர் ஒருவர் இறந்த வீடு. பென் டிரைவ் வேலை செய்யவில்லை. பாக்ஸ் ஊமையாக நிற்க, அண்ணன் பல்லைக் கடித்தார். என் போனில் சாவுக்கு ஒத்துவருவது ஓர் அயர்லாந்துப் பாட்டு மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். ஒரு பெண் குரல், மேளம் இல்லை, தாளம் இல்லை, இழுத்து இழுத்து அழுகிறது. தெருவே திரும்பியது.

மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். "இன்னாடா இது, எங்கப்பா சாவு உனக்குத் தமாஷா?"

பாட்டை நிறுத்தப் போனை எடுத்தேன். செத்தவரின் சம்சாரம் பந்தலிலிருந்து கேட்டார்: "எந்த ஊருப்பா அது?"

"அயர்லாந்துங்க. அங்க சாவு வீட்டுல பாடறது."

"நம்மள மாதிரிதான் மாரடிக்கிறா. நிறுத்தாத, சவுண்டு வை."

மகன் வேட்டியை இறக்கிவிட்டான். நான் சவுண்டு வைத்தேன். டெம்போவில் திரும்பினோம். களம்பூர் பக்கம் வந்ததும் அண்ணன் சொன்னார்: "நாளைக்கு இங்க கிரகப்பிரவேசம், சீக்கிரம் வந்துடு. அப்ப அந்த அயர்லாந்து பொம்பள வாயத் தொறந்தா, கொன்னுடுவேன்."

ஆக, பாஸ்போர்ட் இல்லாமலே இத்தனை நாடு போய் வந்துவிட்டேன். ஆரணியில் தங்குவதற்குத்தான் செல்வம் அண்ணனிடம் தினமும் விசா வாங்க வேண்டியிருக்கிறது.