ஆமைக்குப் போட்ட படுக்கை

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு ஆமை பட்டினி கிடந்தது. நான்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. இன்றைக்கு இருக்கிற கோபத்தில் முக்கால்வாசி அப்போதே இருந்தது.

ஆமையைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம், வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையில் வேலியோரம் அகப்பட்டதாம். முதுகு முழுக்க மஞ்சள் கோடுகள், நட்சத்திரம் நட்சத்திரமாக. பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அம்மா கத்துவதற்குள் மாமா சோற்றுக்கு உட்கார்ந்துவிட்டார். சாப்பிடுகிறவரை அம்மா திட்டமாட்டாள். அது மாமாவுக்கு நன்றாகத் தெரியும்.

ஆமை வாசற்படி தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மா நம்பினாள். அந்தச் சமயம் அவளோடு வாதாடவும் முடியாது. சண்டைக் காலம். அக்கா புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போயிருந்தார். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. பிறகு அவர் முழுசாகத் திரும்பி வந்து, கிழவராகும் வரை எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். அது அப்போது யாருக்குத் தெரியும்? அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள்.

“இந்தச் சனியன் வந்ததுலருந்து தபால்காரன் நம்ம தெருவையே எட்டிப் பாக்கல” என்றாள் அம்மா.

பச்சைப் பொய். கடிதம் நின்று மூன்று மாதம், ஆமை வந்து மூன்று நாள். கணக்கைச் சொன்னேன். முதுகில் ஒன்று விழுந்தது.

அப்பாவுக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை. மூடி போன மரப்பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து கொல்லையில் வைத்தார்.

“இதுக்குள்ளயே கெடக்கட்டும். ஞாயித்துக்கெழமைக்குள்ள வாயத் தொறந்து திங்கலன்னா மாமா எடுத்துக்கினு போயிடணும். இங்க செத்துத் தொலைஞ்சா ஒங்கம்மாவ எவனும் அடக்க முடியாது.”

ஆமை தின்னாததற்குப் படுக்கை சரியில்லாததுதான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். ஆமை என்றால் தண்ணீர். ஏரியிலிருந்து களிமண் அள்ளி வந்து, பெட்டியில் அப்பி, மேலே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் ஆமையின் மூக்கில் சளி குமிழ் விட்டது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏ பைத்தியம், இது காட்டு ஆமடி. ஏரியையே பாத்திருக்காது.”

முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார்.

களிமண்ணைக் கொட்டிவிட்டு நெல் உமி போட்டேன். உமி மூக்கிலும் கண்ணிலும் ஒட்டிக்கொண்டு ஆமை தும்மியது. ஆமை தும்மும் என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்து மல்லாட்டைத் தோல். நடக்க நடக்கக் கால் சறுக்கி, ஒரு முறை கவிழ்ந்தே போனது. மெத்தென்று இருந்தால்தான் சரிப்படும் என்று தோன்றியது. வீட்டில் மெத்தென்று என்ன இருக்கிறது?

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்குப் புதுத்துணி வாங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பழைய வேட்டி, பழைய புடவைகளைத் துவைத்து, கிழித்து, மடித்து, ஒரு தகரப் பெட்டியில் அம்மா இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தாள். பாதியை எடுத்து ஆமைக்கு விரித்தேன். ஆமை உடனே அதன்மேல் மூத்திரம் பெய்தது. பிறகு பின்னங்காலால் துணியைப் பறி பறி என்று பறித்து, நகம் மாட்டிக்கொண்டு நின்றது.

அம்மா பார்த்துவிட்டாள்.

“பொறக்கப் போற புள்ளையோட துணியில ஆமையா? ஆமையா?” ஒவ்வொரு ஆமைக்கும் ஓர் அடி. நான்கு ஆமை வரை எண்ணினேன்.

அக்காதான் வந்து பிரித்துவிட்டாள். பெரிய வயிற்றோடு பெட்டிக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, நகத்திலிருந்து நூலை எடுத்தாள். அவளும் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பக்கம் அம்மா கிண்ணத்தோடு, ஒரு பக்கம் அப்பா கையில் வாழைப்பழத்தோடு, மாமா வந்தால் அவரும். நான் அதை எல்லாம் கவனிக்கவில்லை. எனக்கு என் ஆமை பெரிது.

அக்கா ஆமையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெறும் மண்ணு போடுடி. செம்மண்ணும் மணலும் கலந்து, ஒரு சாண் ஒசரம். லேசா தண்ணி தெளி. ஓரமா காஞ்ச புல்லு வையி. வெச்சிட்டு நவுந்து போ.”

“போயிட்டா திங்குதான்னு யாரு பாக்கறது?”

“நாலு பக்கமும் நின்னுக்கினு திங்கிறியா திங்கிறியான்னு பாத்துக்கினே இருந்தா எவளுக்குத்தான் எறங்கும்?”

“இது ஆம்பள ஆம” என்றேன்.

அக்கா சிரித்தாள். பிறந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

சொன்னபடி மண்ணைப் போட்டேன். பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கொல்லைப் பக்கமே போகவில்லை. அக்கா மட்டும் சாயங்காலம் அங்கே போய்த் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா பையோடு வந்துவிட்டார். நான் அவருக்கு முன்னால் ஓடினேன். ஆமை பூசணிப்பூவைத் தின்றுகொண்டிருந்தது. வாயெல்லாம் மஞ்சள். பெட்டியின் ஒரு மூலையில் மண் மட்டும் கட்டாந்தரை போல அழுத்தி மெழுகியிருந்தது. என் படுக்கையைக் கெடுத்துவிட்டதே என்று குச்சியால் கிளறப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத மட்டும் தொடாதடி.”

அதன்மேல் ஓர் ஓட்டைச் சட்டியைக் கவிழ்த்தாள். அடியில் மூன்று முட்டை இருந்ததை அவள் எனக்குச் சொன்னது, அவளுக்கே பிள்ளை பிறந்த பிறகுதான்.

மாமா பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் தெருவெல்லாம் ஓடி, என் படுக்கையால்தான் ஆமை தின்றது என்று பெருமையடித்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பழைய சோறும் ஊறுகாயுமாக அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. தட்டு காலியானதும் உள்ளே பார்த்து, “அம்மா, இன்னும் கொஞ்சம் கெடக்குதா?” என்று கேட்டாள்.

அம்மா கொல்லைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். சத்தம் வராமல் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆமை பிழைத்துவிட்டது என்று இவ்வளவு வருத்தமா என்று எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது.