ராடு இடிச்சிருச்சு

சின்னராஜின் உடம்பில் எந்நேரமும் எங்காவது ஒரு நீலம் கன்றியிருக்கும். முழங்கையில், தொடையில், சில வேளை காரணமே இல்லாமல் வயிற்றில். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். யார் கேட்டாலும், "ராடு இடிச்சிருச்சு" என்பார். இரும்பு ராடுகளைத் தூக்கி மாட்டுகிறவரிடம் அதற்கு மேல் யார் கேட்கப் போகிறார்கள்? கூட வேலை செய்தவர்களுக்கும் கன்னிப் போகத்தான் செய்தது. இவருக்குச் சற்று அதிகம். "அண்ணன் மேல காத்து பலமா அடிச்சாலே கன்னிப் போயிருமாட்ட இருக்குது" என்று கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நாளடைவில் ராடுதான் காரணம் என்று அவரே நம்பிவிட்டார்.

மகன் கலையரசனுக்கு ரத்தப் புற்று என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சொல்லும்வரை அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை.

எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். அவன் தங்கை யுவஸ்ரீயுடையது அப்படியே பொருந்தியது. வீட்டில் எல்லோருக்கும் அன்றுதான் மூச்சு வந்தது. அவளுக்குக் கல்யாணம் பேசி, உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயமும் முடித்திருந்த நேரம். மாப்பிள்ளையின் அப்பா முருகானந்தம் தங்கமான மனிதர். தன் காரிலேயே இவர்களைக் கூட்டி வந்தார். உரிமையோடு டாக்டரின் அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்தார்.

டாக்டர் கோகிலவாணி பொறுமையாகச் சொன்னார். "மஜ்ஜைக்குள்ள தாய் செல்கள் இருக்குது. எது பிரியணும், எப்பப் பிரியறத நிறுத்தணும், எது சிவப்பணு ஆகணும், எது ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் ஆகணும்னு சொல்றதுக்குன்னே சில புரதங்கள் இருக்குதுங்க. அது நேரா மரபணு மேலயே போய் உட்கார்ந்து, இதைத் திற, அதை மூடுன்னு வேலை வாங்கும். ரன்எக்ஸ்-ஒன்னுன்னு அதுல ஒன்னு. உங்க பையனுக்கு அதைச் செய்யற மரபணுவுல பழுது."

"ரிக்குல லீவர் புடிக்கறவனாட்டங்களா? எப்ப இறக்கறது, எப்ப நிறுத்தறதுன்னு..."

"அப்படியே வெச்சுக்கலாம். லீவர்ல ஆள் சரியில்லைன்னா செல் பிரிஞ்சுக்கிட்டே போகும், முத்தி ஒழுங்கான ரத்த அணுவா ஆகாது. இந்தப் பழுது நோயோட வந்ததாவும் இருக்கலாம், குடும்பத்துல பொறப்புலயே வந்ததாவும் இருக்கலாம். குடும்பத்துல இருந்து வந்ததுன்னா தங்கச்சிக்கும் இருக்கலாம். அப்ப அந்த மஜ்ஜையை ஏத்தக் கூடாது. அதுக்குத்தான் கேக்கறேன். உங்க வழியில யாருக்காவது லேசுல கன்னிப் போறது, ரத்தம் நிக்காம வர்றது, இந்த மாதிரி இருந்துச்சா?"

சின்னராஜின் அக்கா மாரக்காள் அவர் கண்முன் வந்து நின்றாள். மூக்கில் ஒழுகும் ரத்தத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். வயதுக்கு வந்த கொஞ்ச நாளில் வெளுத்துப்போய்ச் செத்தவள். மற்ற பிள்ளைகளுக்குச் சம்பந்தம் அமையாதே என்று, மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னார்கள். மனைவி வசந்தாமணிக்கும் அதுதான் தெரியும்.

பக்கத்தில் முருகானந்தம் கரிசனத்தோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி யாருக்கும் இல்லீங்க" என்றார் சின்னராஜ்.

அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்புத்தான். நோயோடு வந்ததாகவும் இருக்கலாம் என்று டாக்டரே சொன்னாரே என்று நினைத்துக்கொள்வார். யுவஸ்ரீ ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லையே என்றும் நினைப்பார். பிறகு கலையரசனின் பால்யம் நினைவுக்கு வரும். பல் துலக்கினால் ஈறெல்லாம் ரத்தமாக நிற்பான். "அழுத்தித் தேய்க்காத" என்று திட்டியிருக்கிறார்.

மஜ்ஜை எடுப்பதற்காக யுவஸ்ரீயை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் காலை வந்தது. வராந்தாவில் உட்கார்ந்து அவள் இட்லி சாப்பிடும்போது சட்டைக் கை மேலேறியது.

"கையில என்ன சாமி?"

"போன வாரம் ரத்தம் எடுத்த எடம்ப்பா."

ஊசி குத்திய இடத்திலிருந்து நீலம் மணிக்கட்டுப் பக்கம்வரை இறங்கியிருந்தது. அவர் பார்க்கும் விதத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். "உங்களாட்டவே ராடு இடிச்சிருச்சு."

சின்னராஜ் எழுந்தார். டாக்டர் அறை வாசலில் முருகானந்தம் நின்றிருந்தார். "ஏனுங் சம்பந்தி, ஒரு டீ குடிச்சுட்டு வரலாமுங்களா?"

"நீங்களும் உள்ள வாங்க. நீங்க கேக்கோணும்."

அக்காவைப் பற்றிச் சொன்னார். சட்டையை உயர்த்தி வயிற்றைக் காட்டினார். டாக்டர் ஏசவில்லை. யுவஸ்ரீயைச் சேர்க்க வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, அப்பா மகள் இருவர் தோலிலிருந்தும் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க ஏற்பாடு செய்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா வெளியாள் மஜ்ஜையை அன்னைக்கே தேட ஆரம்பிச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போதும் முருகானந்தமே காரில் கூட்டி வந்தார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "ஊட்ல கலந்துக்கிட்டுச் சொல்றனுங்க" என்றார் முருகானந்தம். அப்புறம் அவரிடமிருந்து போன் வரவில்லை.

சோதனை முடிவு வந்தது. அப்பாவுக்கும் மகளுக்கும் அதே பழுது. கலையரசனுக்குப் பொருந்தும் வெளியாளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வசந்தாமணி அவனோடு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள்.

முடிவு வந்த அன்று யுவஸ்ரீ தட்டை வைத்துச் சோறு போட்டாள். குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு என்ற கையப் பாக்கலீன்னா நீங்க சொல்லியே இருக்க மாட்டீங்க, இல்லப்பா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

"தெரியல சாமி" என்றார்.