பூநாரைக்கு ஏஜென்ட் தேடிய கதை

காஸ்டிக் சோடா கையைச் சுடும், தேங்காயெண்ணெய் விலை வயிற்றைச் சுடும் என்று தெரிந்துதான் சலவை சோப்புத் தொழிலில் இறங்கினேன்; உறையில் இருக்கும் படமும் ஒரு நாள் சுடும் என்று யாரும் சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதைக்கு மேற்கே தகரக் கொட்டகை போட்டு, பூநாரை மார்க் சோப்புத் தயாரித்தவன் நான். ரோஜா நிறக் காகிதம், அதில் ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரை. உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் என்பதால் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் நல்ல ஓட்டம். அந்தக் குப்பங்கள் கைவிட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். என்னைப்போல் சின்னதாய்த் தொழில் நடத்துகிற நீங்களும் என்றாவது டிரேட் மார்க் ஏஜென்டைத் தேடித் தெருத்தெருவாய் அலையப்போகிறவர்கள்தான். நான் அதிர்ந்து நின்ற இடங்களைச் சொல்லிவைக்கிறேன்.

உள்ளங்கை

செங்கேணி, ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிறவள். ஒரு காலையில் கூடையோடு நேரே கொட்டகைக்குள் வந்து, இரண்டு கைகளையும் என் முகத்துக்கு எதிரே விரித்தாள். தோல் உரிந்து, ரேகையே தெரியாமல் வெந்திருந்தது. "உன் சோப்புதான்யா" என்று மடியிலிருந்து உறையை எடுத்துப் போட்டாள். அதே ரோஜாக் காகிதம், அதே பறவை. அடியில் பொடி எழுத்தில் மட்டும் சோழவரத்துக் கம்பெனி ஒன்றின் பெயர். காரத்தைக் கண்டபடி போட்டுக் காய்ச்சிய சரக்கு.

"இது என்னுது இல்லம்மா, பேரைப் பாரு" என்றேன். அவளுக்கு எழுத்து தெரியாது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பரிதாபமாகப் பார்த்தாள்.

"எங்களுக்கு இன்னாய்யா பேரு? பறவதான் பேரு. அத்த நம்பிக்கினு நெருப்புல கைய வெச்சுட்டேன். உன் பறவய நீதானே புட்ச்சி வெச்சுக்கணும்?"

மூலையில் இருந்த எழுத்து

முதலில் மண்ணடியில் எனக்கு உறை அச்சடிக்கும் அச்சகத்துக்கு ஓடினேன். உறையின் மூலையில் 'பதிவு செய்யப்பட்டது' என்று இருக்கும். பதிவையும் அச்சக முதலாளியே பார்த்துக்கொண்டார் என்று அத்தனை வருடமாய் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கே பதிவு, என்ன எண் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது நம்பிக்கையா, சோம்பலா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

வழக்குப் போட வேண்டும், பதிவு விவரம் கொடுங்கள் என்றேன். முதலாளி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னை வேடிக்கையாகப் பார்த்தார்.

"பதிவா? அது எல்லா லேபிளுக்கும் போடறதுதான் சார். வேணாம்னா எடுத்துடறேன். ஆனா அந்த மூலை வெறிச்சுனு இருக்கும், அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

ஒரே கூரை

அடுத்து, ஹைகோர்ட் பக்கத்தில் ஒரு பெரிய ஏஜென்சி. வாசலில் பியூன், உள்ளே குளுகுளுவென்று விசிறி. மேஜையில் நான் வைத்த சோப்பை ஏஜென்ட் கையால்கூடத் தொடவில்லை. பறவையா, மிருகமா என்றும் பார்க்கவில்லை. "முடிஞ்சதுன்னு வெச்சுக்குங்க, கேரண்டி" என்றார். இவ்வளவு உறுதியாகப் பேசுகிறவர்தான் நமக்கு வேண்டியவர் என்று மனது குளிர்ந்துவிட்டது.

எழுந்திருக்கும்போதுதான் எதிராளி யார் என்று கேட்டார். சோழவரத்துக் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் அப்படி மலரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அட, அவங்களும் நம்ம கிளையன்ட்தான்! போன மாசந்தான் இதே பறவைக்கு மனு போட்டுக் குடுத்தோம். நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் அலைய வேண்டாம், ஒரே எடத்துல பேசி முடிச்சுக்கலாம்."

கால்

திருவள்ளூரில் வரிக் கணக்கு எழுதுகிற ஒருவர் டிரேட் மார்க்கும் பார்ப்பதாக ரயில் சிநேகிதர் ஒருவர் சொன்னார். போனேன். அவர் உறையைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். பார்க்கவாவது செய்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். பிறகு என் நட்சத்திரம் கேட்டார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் சொன்னதைவிட அதிர்ச்சி, அதைக் கேட்டுவிட்டு நான் சிரிக்காததுதான். வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்து, பறவைக்கு இன்னொரு காலை வரைந்தும் பார்த்தேன். பயந்த மனிதன் எதை வேண்டுமானாலும் செய்வான் போலிருக்கிறது. அவர் சொன்னது இதுதான்:

"ஒத்தக் கால்ல நிக்கற பறவைய வெச்சுக்கிட்டு, தொழில் ரெண்டு கால்ல நிக்கணும்னா எப்படி சார் நிக்கும்?"

யாரும் கேட்காத கேள்வி

கடைசியில் தம்புச்செட்டித் தெருவில், குறுகலான மாடிப்படி ஏறி, டிரேட் மார்க் வேலை மட்டும் பார்க்கும் ஒரு வக்கீல் அம்மாவிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். உறையைப் பிரித்து சோப்பை முகர்ந்து பார்த்தார். எங்கே விற்கிறது, எப்போதிலிருந்து விற்கிறது என்று கேட்டார். பிறகு, "இந்தப் பறவையை யார் வரைஞ்சது?" என்றார். அச்சகத்தில் காட்டினார்கள், பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டேன் என்றேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, மண்ணடிக்குப் போய்ட்டு வந்துடலாம்."

அச்சகத்தில் ஒரு தடித்த ஆல்பம் இருந்தது. புலி, தாமரை, கடிகாரம், மாம்பழம், எல்லாம் தயார் லேபிள்கள். யார் வந்து கேட்டாலும் அடியில் பெயரை மட்டும் மாற்றி அடித்துத் தருவார்கள். அதில் என் பூநாரையும் நின்றுகொண்டிருந்தது. முதலாளி சொன்ன கணக்கில், அதை முதலில் வாங்கியவர் ஆந்திர எல்லைக்கு அப்பால் தடாவில் சோப்புப் போடுகிற வெங்கையா என்பவர். எனக்கு வெகு காலம் முந்தி. அவருக்குப் பிறகு நான். எனக்குப் பிறகு சோழவரம். திருடனைத் துரத்திக்கொண்டு ஓடியவன், தன் வீட்டு வாசலிலேயே வந்து நின்ற மாதிரி இருந்தது.

வழக்குக்கான பீஸை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா வாங்கவில்லை.

"சோழவரத்துக்காரர் உங்களைக் காப்பியடிச்சார்னு நீங்க வழக்குப் போடலாம் சார். அதே வழக்கை அப்படியே எடுத்துக்கிட்டு தடாக்காரர் உங்க மேல வருவாரே, அப்ப நான் எந்தப் பக்கம் நிக்கட்டும்?"

தடா

எல்லையைத் தாண்டி வெங்கையாவைப் பார்க்கப் போனேன். போகவேண்டாம் என்று மனது வழிநெடுக வாதாடியது. என்னைவிட மூத்தவர். முண்டா பனியனோடு சோப்புக் கட்டியைக் கம்பியால் அறுத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கம்பி நின்றது. அடிப்பார் என்றுதான் நினைத்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "நாஷ்டா ஆச்சா?" என்றார்.

இட்லியை வைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய சோப்பு நல்ல தண்ணீருக்குத்தான் நுரைக்குமாம். என் சோப்பு வந்ததிலிருந்து ஏரிக்கரைப் பெண்கள் அவரிடம் வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு சோழவரத்துக்காரர் எப்படியோ, அவருக்கு அத்தனை வருடமும் நான் அப்படி. செங்கேணியின் கை என் கண்ணிலேயே நின்றது. நான் யார் கையையும் சுடவில்லைதான். ஆனால் அது எனக்கு ஆறுதலாக இல்லை. பூநாரையை விட்டுவிடுகிறேன், நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள் என்றேன். அவர் கம்பியைக் கீழே வைத்தார்.

"உன் சோப்பத் தூக்கிக்கினு வந்து, 'இது நுரைக்குது, நீ விக்கறது டூப்ளிகேட்டா'ன்னு என்னையே கேட்டாங்க நைனா! என் பறவய வெச்சு என்னையே போலியாக்கிட்டியே, அந்தப் பேஜாருக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போறது?"

பறி

வெங்கையா, தாம்தான் முதலில் என்று காட்டி, பூநாரையைத் தன் பெயரில் பதிவு செய்தார். அவர் விட்ட நோட்டீஸில் சோழவரத்துச் சரக்கும் கடைகளிலிருந்து போயிற்று. எனக்குப் புதுப் படம் வேண்டும். எந்த ஆல்பத்திலும் இல்லாததாக இருக்க வேண்டும், வரைந்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அச்சு பிளாக் உங்கள் பெட்டியில் இருக்க வேண்டும் என்றார் வக்கீல் அம்மா. செங்கேணியைக் கேட்டேன். அவள் கை ஆறியிருந்தது. "பட்ணத்துல இருக்கறவனுக்கு இன்னான்னே தெரியாத ஒண்ணப் போடு" என்று சொல்லி, இறால் பிடித்துப் போடுகிற ஓலைப் பறியைக் காட்டினாள். பொன்னேரிப் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வரைந்தார். ஆரணியில் அது சுரைக்காயா என்றார்கள். ஆர்.கே.பேட்டையில் கூஜா என்றார்கள். ஆனால் குப்பங்களில் யாரும் கேள்வியே கேட்கவில்லை. பறி சோப்பு என்று கேட்டு வாங்கினார்கள். பதிவும் வந்தது. மூலையில் இருந்த எழுத்து முதல்முறையாக உண்மையாயிற்று.

போன மாதம் வேறொரு வேலையாய் மண்ணடிப் பக்கம் போனவன், பழைய அச்சகத்துக்குள் சும்மா எட்டிப் பார்த்தேன். முதலாளிக்குக் கண்பார்வை மங்கிவிட்டது, என்னை அடையாளம் தெரியவில்லை. சோப்பு வியாபாரம் என்றதும் ஆல்பத்தை என் முன்னால் தள்ளினார். புதிதாக ஒட்டிய பக்கத்தில், ஓலை ஓலையாய் அச்சு அசலாய், என் பறி.

"கும்முடிபூண்டி பக்கம் ஜோராப் போற படம் சார் இது. உங்க பேர் போட்டு அடிச்சுரட்டுமா?"

அந்தப் பக்கத்தை அவர் தடுக்கத் தடுக்கக் கிழித்துக்கொண்டு தம்புச்செட்டித் தெருவுக்கு நடந்தேன். மாடிப்படி ஏறி, கிழித்த பக்கத்தை மேஜையில் வைத்தேன். வக்கீல் அம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தேவிட்டார்.

"இப்ப குடுங்க சார், அந்த வழக்குப் பீஸ வாங்கிக்கறேன்."

ஆகவே என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களே, உங்கள் மார்க் உங்களுடையதுதானா என்று முதலில் உங்களையே சந்தேகப்படுகிற ஏஜென்டிடம் போங்கள், ஏனென்றால் மற்ற ஏஜென்டுகள் எல்லாரும் நம்மை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.