"வாடி வென்ன" சொல்லிப் பழகிய வாரம்

மகளின் சம்பந்தம் பேச வந்தவர்கள் போய் ஒரு வாரமாகிறது. எனக்கு இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. சிரிப்பும் நிற்கவில்லை. குளிக்கும்போது சிரிப்பு வருகிறது. பஸ்ஸில் வருகிறது. வேலை செய்யும் கந்தோரில் எல்லாரும் முகத்தை நீட்டிக்கொண்டிருக்கிற கூட்டத்தின் நடுவிலும் வருகிறது. "இப்பிடியே திரிஞ்சா ஆராவது பிடிச்சு அடைச்சுப் போடுவினம்" என்கிறாள் மனைவி. அவளும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள்.

மகள் தன்னோடு வேலை செய்யும் சிங்களப் பையனைத்தான் கட்டுவேன் என்று சொன்னபோது நாங்கள் மறுக்கவில்லை. பையன் இரண்டு முறை வீட்டுக்கு வந்திருக்கிறான். நல்ல பிள்ளை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பான். என் பயமெல்லாம் அவனுடைய தாயைப் பற்றித்தான்.

"அவன்ட அம்மா இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை அப்பா" என்றாள் மகள். "ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிக்கு ரீ குடிக்க வருவினம். உங்களைப் பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவாவாம்."

அன்றிலிருந்து என் தலைக்குள் சொற்கள் ஆடத் தொடங்கின.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இரண்டு மொழியும் தெரிந்தவனுக்குத்தான் தொல்லை அதிகம். நாங்கள் இருந்த வளவில் ஐந்தாறு வீட்டுக்கு ஒரே தண்ணீர்க் குழாய். காலையில் அங்கே நின்று யாராவது "தாத்தா!" என்று கத்தினால், சிங்கள வீட்டுத் தகப்பன் பாதி சவரம் செய்த முகத்தோடு எட்டிப் பார்ப்பார், சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. முஸ்லிம் வீட்டு மூத்த மகள் வாளியை வைத்துவிட்டு ஓடி வருவாள், அவள் தங்கைமார் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடைசி வீட்டில் இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துக் கிழவரும், பேரப்பிள்ளை கூப்பிடுகிறான் என்று கைத்தடியைத் தேடுவார். ஒரு சத்தத்துக்கு மூன்று பேர். அப்பா அந்தப் பக்கம், அக்கா இந்தப் பக்கம். யாருக்கும் கோபம் வந்ததாக நினைவில்லை. கூப்பிட்டவன்தான் தண்ணீர் பிடிக்காமல் ஓடிவிடுவான்.

சொற்கள் எப்போதும் அப்படி விளையாட்டாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழரென்று தெரிந்தாலே அடி விழுந்த கெட்ட காலங்களில் பஸ்ஸில் போகும்போது, "என்னை அப்பா எண்டு சத்தமாக் கூப்பிடாதை, தேவையெண்டா கையைச் சுரண்டு" என்பார் என் தகப்பன். ஒரு சொல் வாயிலிருந்து விழுந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அது விரல் நுனியில் நின்றுவிட்டது. இன்றைக்கும் பஸ்ஸில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் முதலில் கைதான் போகிறது.

மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த புதிதில் ஒரு நாள் மீன்காரன் மணியடித்திருக்கிறான். இவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "என்ன?" என்று கேட்டாள். சிங்களத்தில் அதற்கு "வாருங்கள்" என்று பொருள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே வந்தான். இவள் பயந்து பின்னால் போய், "என்ன? என்ன?" என்றாள். இவ்வளவு அன்பாக ஒருவரும் அவனை அழைத்ததில்லைப் போல. கூடையோடு குசினி வரைக்கும் வந்துவிட்டான். நான் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் ஒரு முழு அறக்குளா இருந்தது. மனைவி கதிரையில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். மூன்று நாள் அந்த மீனைத்தான் சாப்பிட்டோம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்த அம்மா வரப்போகிறார்.

வருகிறவர்களை இருக்கச் சொல்ல வேண்டும். சிங்களத்தில் "வாடி வென்ன" என்றால் "அமருங்கள்." ஆயிரம் தடவை கந்தோரில் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த முறை கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"ஆரைப் பாத்து வாடி எண்டுறியள்?"

"இருக்கச் சொல்லிப் பழகிறன்."

"பாதியில மூச்சு வாங்கிப்போட்டியள் எண்டா, சம்பந்தியம்மாவை வாடி எண்டு கூப்பிட்டதாப் போயிடும்."

"அவைக்குத் தமிழ் தெரியாது."

"எனக்குத் தெரியுமே! நான் சிரிச்சுப்போடுவன். பிறகு பிள்ளையின்ர கலியாணம் என்னால குழம்பினதெண்டு ஆயுள் முழுக்கச் சொல்லுவியள்."

மகள் அறையிலிருந்து கத்தினாள்: "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்கோ! அதோட, சாமி, சாத்திரம், நாள், நட்சத்திரம் எண்டு ஒண்டும் கதைக்கப்படாது. அவையள் படிச்ச ஆக்கள்."

இந்தக் கட்டளைதான் எல்லாவற்றையும் குழப்பியது.

சனிக்கிழமை இரவு மனைவி குசினியில் தொங்கும் கலண்டரில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். ஐந்து மணி அதன் நட்டநடுவில். எங்கள் வீட்டில் ராகு காலத்தில் புதுச் சட்டைகூடப் போடமாட்டோம். பிள்ளையின் வாழ்க்கையைப் பேசுவதா?

"நேரத்தை மாத்தச் சொல்லிக் கேப்பமே?" என்றேன் மெதுவாக.

"அவை குறிச்ச நேரம். அவைக்கு இதெல்லாம் இல்லைப்போல. கேட்டா எங்களைப் பட்டிக்காடு எண்டு நினைப்பினம்" என்றாள். பிறகு கலண்டரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள், கலண்டர் இல்லாவிட்டால் ராகுவும் வராது என்பதுபோல.

ஞாயிறு ஐந்து மணிக்கு எல்லாம் தயார். உழுந்து வடை, கேக், பயத்தம் பணியாரம். மகள் சேலையில் இருந்தாள். ஐந்தேகால். யாரும் வரவில்லை. மகள் பையனுக்கு அழைத்தாள்.

"டிராபிக்காம்" என்றாள். அவள் முகம் சரியில்லை.

நான் பல்கனிக்குப் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். காலி வீதியில் ஒரு ஓட்டோ நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு நாய். அவ்வளவுதான்.

திரும்பவும் அழைத்தாள். இந்த முறை அவன் எடுக்கவில்லை. மகள் சேலைத் தலைப்பை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நான் போய்ப் பால் வேண்டிக்கொண்டு வாறன்" என்றேன்.

"பால் கிடக்கு" என்றாள் மனைவி.

"இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்."

கீழே இறங்கி, பால் விற்கிற திசைக்கு நேர் எதிராக, கடற்கரைப் பக்கம் நடந்தேன். என் வாய் தானாக "வாடி வென்ன, வாடி வென்ன" என்று முணுமுணுத்தது. யாரிடம் சொல்லப்போகிறேன் இனி?

ஒழுங்கை முடிகிற இடத்தில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் உள்ள குட்டை மதிலில் மூன்று பேர் வரிசையாக இருந்தார்கள். நடுவில் பையன். ஒரு பக்கம் அவனுடைய தகப்பன், மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம். மறுபக்கம் தாய், மடியில் கேக் பெட்டி. மூவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசல் வரை வந்துவிட்டார்கள். உள்ளே வர மனமில்லை. மகளிடம் எப்படிப் போய்ச் சொல்வேன்? திரும்பிப் போக நினைத்தபோது பையன் என்னைக் கண்டுவிட்டான். "அங்கிள்!" என்று துள்ளி எழுந்தான். மாங்காய் திருடி அகப்பட்ட முகம்.

தகப்பன் வாழைப்பழத்தோடு எழுந்தார். தாய் எழவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, ஒரு குற்றத்தைச் சொல்வதுபோல, சிங்களத்தில் சொன்னார்: "மன்னிக்க வேண்டும். ராகு காலய."

கொட்டாஞ்சேனை வளவிலிருந்து அன்றைய கண்ணாடி வரைக்கும் எனக்கு எத்தனை சொற்கள் இரண்டு முகம் காட்டியிருக்கின்றன! இந்தச் சொல்லுக்கு மட்டும் ஒரே முகம். அதே ராகு, அதே நாலரை, அதே ஆறு.

"எங்களுக்கும்தான்!" என்றேன். கத்தியிருக்க வேண்டும், அந்தப் பக்கம் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கள் குறித்த நேரம் என்றல்லவா மகன் சொன்னான்?" என்றார் அந்த அம்மா. "தமிழ் ஆட்கள் நேரம் பார்க்காமல் ஒன்றும் செய்யமாட்டார்கள். எங்களுக்குத் தெரியாத ஏதோ கணக்கு இருக்குமென்று நினைத்தோம். சாத்திரம் பேசக்கூடாதென்று மகன் வேறு சொல்லியிருந்தான், கேட்டால் மரியாதை இல்லையே. ஆனாலும் படியேற எனக்கு மனம் வரவில்லை."

"நீங்கள் குறித்தது என்று எங்கள் மகள் சொன்னாளே!"

மூவரும் பையனைப் பார்த்தோம். பையன் கடலைப் பார்த்தான். "ஞாயிறு லீவு. அஞ்சு மணி ரீ ரைம்" என்றான் அலைகளிடம்.

முதலில் தகப்பன்தான் சிரிக்கத் தொடங்கினார். நான் மனைவிக்கு அழைத்து, "இஞ்சேரும், அடுப்பை நிப்பாட்டிப்போட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வாரும்" என்றேன்.

"என்ன?" என்று அவள் போட்ட சத்தம் போனை விட்டு வெளியே வந்தது.

அந்த அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "கூப்பிடுகிறாரே! இன்னும் ஆறாகவில்லையே!"

மீன்காரன் கதையைச் சொல்லாமல் எப்படி விடுவது? சொன்னேன். அறக்குளா வரும் இடத்தில் அவர் கேக் பெட்டியை மகனிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்தார். மனைவி வந்து சேர்ந்தபோது, "வாங்கோ" என்று அவள் சொல்லும் முன்பே அந்த அம்மா அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். மகள் தூரத்திலேயே நின்றாள். எங்களை எண்ணிப் பார்த்தாள். யாரும் அழவில்லை, சிரிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் கிட்ட வந்தாள். அறுவரும் ஒரு சுருள் கடலையைப் பகிர்ந்துகொண்டு, ராகு போகட்டும் என்று கடலைப் பார்த்தபடி இருந்தோம். ஒரு ரயில் போனது. சாத்திரம் பேசக்கூடாது என்று உத்தரவு போட்ட இருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஆறு அடித்த பிறகு மேலே வந்தோம். வாசலில் அந்த அம்மா நின்றுவிட்டார். "உங்கள் மணிக்கூடு சரியா?" என்றார். கொஞ்சம் வேகம் என்றாள் மனைவி. அதற்காக இன்னும் கொஞ்சம் நின்றோம். பிறகு அவர் வலது காலை வைத்து உள்ளே வந்தார். நான் ஒரே மூச்சில் "வாடிவென்ன" என்றேன். மனைவி சொன்னபடியே சிரித்துப்போட்டாள்.

கேக் வெட்டினார்கள், வடை முடிந்தது. முடிவை மட்டும் யாரும் கேட்கவில்லை. மகளின் விரலில் சேலைத் தலைப்பு மறுபடி சுற்றத் தொடங்கியது. அப்போது அந்த அம்மா சுவரைப் பார்த்து, "வீட்டில் கலண்டர் இல்லையா? இல்லாமல் எப்படி நாள் பார்ப்பது?" என்று கேட்டார்.

மனைவி அலுமாரித் திறப்பை எடுக்க ஓடின ஓட்டத்தை நான் எங்கள் கலியாணத்திலும் கண்டதில்லை.

இப்போது நடுக்கத்துக்கு வேறு காரணம். அவர்களுக்கு நல்ல நாள் எங்கள் பஞ்சாங்கத்தில் மரண யோகம். எங்களுக்கு நல்ல நாள் அவர்களுக்குப் போயா, பௌர்ணமி நோன்பு நாள், மச்சம் மாமிசம் சமைக்க முடியாது. இரண்டு அம்மாக்களும் தினமும் போனில் பாதி தமிழ், பாதி சிங்களம் கலந்து வாதாடுகிறார்கள். மகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நான் பக்கத்து அறையில் இருந்து, நாள் பொருந்துமா என்று தேத்தண்ணியைச் சிந்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.