தொடர்கதையில் திரும்பி வந்தவன்

மில் பஸ்ஸில் காலையில் என் ஒதியம்பட்டுத் தோழி வாரப்பத்திரிகையைப் படிப்பாள். சாயங்காலம் திரும்பும்போது நான் படிப்பேன். முடித்ததும் சண்டைதான். தொடர்கதையில் ஒருத்தியின் புருஷன் வெளிநாடு போய்த் தொலைந்திருந்தான்.

"அந்தப் பய இனிமே எங்க வரப்போறான்?" என்பேன்.

"வருவான், பாருடி," என்று அடித்துப் பேசுவாள்.

அவள் புருஷனும் பிரான்சுக்குப் போனவர்தான். வருஷக்கணக்கில் தபாலே இல்லை. அதை நாங்கள் பேசியதேயில்லை. கதையை மட்டும்தான் பேசினோம்.

கடைசி வாரம் கதையில் அவன் வந்துவிட்டான். காலையிலேயே படித்தவள் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சாயங்காலம் படித்த எனக்குத் தோற்ற கடுப்பு.

"நீ சொன்னா மாதிரியே வந்துட்டான், இப்ப இன்னா?" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கதையில வந்துடறாங்கடி," என்றாள்.

அடுத்த வாரம் புதுத் தொடர்கதை ஆரம்பமானது. காலையிலேயே பத்திரிகையைப் பிரிக்காமல் என் மடியில் வைத்தாள்.